கை திரும்புவதற்குள்

கோலியனூர்,
22.1.2013

அன்பு மகன் பிரேம்குமாருக்கு அப்பா சீனுவாசன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பெங்களூரில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பனமலை ஈசன் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ போன் செய்தால் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டதும் டவர் போய்விடுகிறது. ஐந்து மாதமாக இதே கதை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கு இது வேண்டியதுதான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

மல்லாட்டை விதைத்தாயிற்று. முளைப்பு பரவாயில்லை. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பொங்கலுக்கு உனக்கு எடுத்த சட்டையை அம்மா பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாள். நீ வராததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே கேட்பதற்கு உன் அம்மாவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆவணியில் நடந்ததில் என் பக்கத்தை நீ கேட்டதில்லை. நியாயம் சொல்ல வரவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மேலண்டை நிலத்து முத்துசாமிக்கும் எனக்கும் கிணற்று வரப்புத் தகராறு முற்றியிருந்த நேரம் அது. அவன் மகன் ராஜ்குமாரோடு சேரக் கூடாது என்று உனக்கு உத்தரவு போட்டிருந்தேன். நீ விழுப்புரம் போயிருந்தாய். கரண்டு அட்டையைத் தேடியபோது உன் அலமாரியில் அந்த நோட்டு கையில் வந்தது. பிரித்த பக்கத்தில் மேலே ராஜ்குமார் என்று பெயர். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தது இன்னும் எனக்கு மனப்பாடம். “அவனே முதலில் அடிக்கட்டும். தடு. கை திரும்புவதற்குள் அடி. விளிம்புக்குத் தள்ளு. பிடித்து ஏறப் பார்ப்பான், ஏற விடாதே. மூன்று உயிரும் போகிறவரை விடாதே.”

விளிம்பு என்றதும் எனக்குக் கிணற்று விளிம்புதான் கண்ணில் வந்தது. அந்த வீட்டில் முத்துசாமி, அவன் சம்சாரம் அஞ்சம்மாள், ராஜ்குமார் என்று சரியாக மூன்று உயிர். உனக்குப் போன் போட்டு, இது என்னடா என்று கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டுக் கோபப்படும் பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது? நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மகன் கொலைகாரன் ஆவதற்குள் தடுத்துவிட வேண்டும் என்ற நினைப்பு.

சென்னைப் பஸ்ஸுக்காக நின்றிருந்த உன்னை அழைத்து வந்தார்கள். அன்றைக்கு அங்கே உனக்குப் போட்டி என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக அதற்குத்தான் நீ பழகினாய் என்பதும் தெரியாது. எஸ்.ஐ. அந்தப் பக்கத்தை உன்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு படித்தாய். பின்னாலேயே ஓடிவந்த ராஜ்குமார், இது நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் விளையாடுவது, பொம்மைகள் மேடை மேல் நின்று போடுகிற சண்டை, மூன்று உயிர் என்பது பொம்மைக்கு, சென்னையில் இதற்குத்தான் இன்றைக்குப் போட்டி என்று மூச்சு வாங்கச் சொன்னான். ஸ்டேஷனே சிரித்தது. “பொம்மையக் கொல பண்ணிட்டான்னு கேசு குடுக்க வந்துக்கிறாருப்பா” என்றார் ஒரு ஏட்டு.

அதுவரை நடந்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கப்புறம் செய்ததற்குப் பெயர் இல்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகுதான் உன்னை அறைந்தேன். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. அதை உன் கன்னத்தில் துடைத்தேன். நீ கையைக்கூடத் தூக்கவில்லை.

போலீசில் உட்கார்ந்த பையன் என்று ஊரில் உனக்குப் பேர் வந்தது. உண்மையைச் சொன்னால் என் முட்டாள்தனம் வெளியே வந்துவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அப்போதும் நான் பம்ப் செட்டுப் பக்கம் வேலை இருப்பதாகப் போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை.

காணும் பொங்கலன்று ராஜ்குமார் வீட்டுக்கு வந்து உன்னை விசாரித்தான். வரப்புச் சண்டையைத் தாண்டி வந்த பிள்ளையை உட்கார வைத்து, அந்த விளையாட்டைக் காட்டச் சொன்னேன். அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினான். வாள் வைத்திருப்பவனிடம் ஒட்டி நிற்க வேண்டுமாம், குண்டனிடம் எட்டி நிற்க வேண்டுமாம். ஆளுக்கு ஆள் கணக்கு வேறாம். நான் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தி அடித்துக்கொண்டே போனதில், என் பொம்மை தானாகவே விளிம்பு தாண்டி விழுந்தது. அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

கை திரும்புவதற்குள் என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். “அவன் அடிய நாம தட்த்துட்டா, கை திரும்பி வர்ற வரைக்கும் அவனால ஒண்ணும் பண்ண முடியாது பெரீப்பா, சும்மா நின்னுக்கினு இருப்பான். அப்பத்தான் அடிக்கணும். அடிக்காம வுட்டா நம்ம தப்பு” என்றான்.

அவன் போனதும், ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். இந்தத் தடவை எல்லாம் புரிந்தது. கடைசியில் ஒரு பக்கத்துக்கு மேலே அப்பா என்று எழுதியிருந்தாய்.

“அப்பா: முதல் கத்தலுக்குப் பதில் சொல்லாதே. கத்தி முடித்ததும் கொஞ்ச நேரம் அவரிடம் ஒன்றும் இருக்காது. அப்போது எதைச் சொன்னாலும் தாங்க மாட்டார். அதனால் சொல்லாதே.”

அதைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. எத்தனை வருடமாக இப்படித் தடுத்துக்கொண்டே இருந்தாயடா? நான் ஜெயித்ததாக அல்லவா நினைத்திருந்தேன்.

மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். நோட்டை முழுதாகப் படிக்காமல் மகனைப் போலீசுக்கு இழுத்தவன் நான்தான், தப்பு என்னுடையது, பையன் மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். முத்துசாமியும் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. உன்னுடையதில் கால்வாசிகூட இருக்காது.

உனக்குப் போன போட்டியை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னித்துவிடு என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. நீயும் “சரி” என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி தடுத்துக்கொண்டு நிற்பாய். அது வேண்டாம் கண்ணு. அன்றைக்கு ஓங்கிய கை எனக்கு இன்னும் திரும்பவில்லை. ஐந்து மாதமாகச் சும்மாதான் நிற்கிறேன். உன் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டி வைது எழுது, இல்லை போனில் கத்து, உன் இஷ்டம். தாங்க மாட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் சரிதான். இருந்தாலும் அடி.

எங்கிருந்தாலும் குறையொன்றும் இல்லாமல், தலைநிமிர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சீனுவாசன்