முதல் வசனம்

ஆகஸ்ட், ஞாயிறு இரவு. சேரம்பாடி.

சர்ச்சில் வசனம் தேடும் போட்டியில் இன்றைக்கும் எனக்குத்தான் முதல் பரிசு. எந்த அதிகாரம் என்று போதகர் சொன்னதும் பைபிளைப் புரட்டி, முதல் ஆளாக எழுந்து நின்று, முதல் வசனத்தை வாசித்தால் போதும். அதோடு மூடிவிடலாம்.

கோப்பையோடு வரும்போது பக்கத்து லயத்து வீட்டு ராணி அக்கா கூப்பிட்டாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். தேயிலை ஃபேக்டரி மூடியதிலிருந்து கொழுந்து பறிக்கிற வேலை இல்லை. நாளை முதல் பஸ்ஸில் திருப்பூர் போகிறாள், பனியன் கம்பெனியில் கேட்டுப் பார்க்க.

"புள்ள, வேலை கெடைக்காம நின்னவங்க கதை ஒண்ணு உங்க பைபிள்ல இருக்காமே. படிச்சுக் காட்டேன்."

மத்தேயு இருபதாம் அதிகாரம். அவள் வாய் மூடுமுன் எடுத்துவிட்டேன். தோட்ட முதலாளி ஒருவர் விடியற்காலையில் கூலியாள் தேடிப் போகிற முதல் வசனத்தைக் கடகடவென்று வாசித்து, டப்பென்று மூடினேன். கை தட்டுவாள் என்றுகூட நினைத்தேனோ என்னவோ.

அக்கா அப்போதுதான் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்புறம்? வேலை கெடச்சுதா?"

எனக்குத் தெரியவில்லை. "கெடச்சிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். சீ.

இப்போதுதான் கடைசி வரை படித்தேன். பொழுது சாயும் வரை வேலையில்லாமல் நின்றவர்களையும் அந்த முதலாளி கூப்பிடுகிறார். அவர்களுக்கும் முழுக் கூலி கொடுக்கிறார். இத்தனை வருஷமும் இது அந்தப் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது.

காலையில் பஸ் வருமுன் எழுந்து போய் அக்காவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டணும். கேட்பாளா? நானாக இருந்தால் கேட்க மாட்டேன்.