தேதி குறித்தவர்கள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மைதானத்து மண் பாதி என் வாயில். கோ-கோ பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. விசில் ஊதினால் மூச்சு வாங்குகிறது. நாற்பத்து மூன்று வயதில் இப்படியா.

இரண்டாம் நாள். பெரிய நாப்கின் இரண்டை ஒட்டி வைத்தும் இடைவேளைக்குள் நனைந்துவிட்டது. வெள்ளை ட்ராக் பேன்ட். விளையாட்டு ஆசிரியை வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று முடிவு செய்தவன் நிச்சயம் ஆண்.

ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் கறை. கணக்கு சார் பார்த்தார், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈரத்துணி எடுத்து நானே துடைத்தேன். அறையில் ஆறு பேர். எல்லாரும் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மதியம் தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டார். முகத்தில் அத்தனை கனிவு.

"டீச்சர், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. மண்டலப் போட்டிக்கு இந்த வருஷம் பாய்ஸ் ஸ்கூல் சாரே நம்ம பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போகட்டும்."

ஜூன் முதல் வெயிலில் நின்று சேர்த்த அணி. பதில் சொல்ல வாய் திறந்தேன், தலை சுற்றியது. வெளியே வந்தால் மாடிப்படி இரண்டாகத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

துவைக்க: ட்ராக், இரண்டு உள்பாவாடை, படுக்கை விரிப்பு. தினமும் இதே.

ஜூலை 16, புதன்

நர்சிங் ஹோம். அருள் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தார். பெயிண்ட் கடை, மதியம் கூட்டம் இருக்காது.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் ஏழு, பன்னிரண்டு இருக்க வேண்டியது. கருப்பைச் சுவரில் சின்ன நார்க்கட்டி, உள்சவ்வு தடித்திருக்கிறது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு அருளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"குழந்தை எத்தனை?"

"ரெண்டு டாக்டர். பையன் காலேஜ், பொண்ணு பிளஸ் ஒன்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பை? எடுத்துடலாம். முட்டைப்பையையும் சேர்த்தே எடுத்துட்டா பின்னால தொல்லை இல்லை."

அருள் தலையாட்டினார். பெயிண்ட் டின்னுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே தலையாட்டல்.

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தள்ளிப்போடுற வேலைம்மா" என்று அருளிடமே சொன்னார். 'அம்மா' என்றது என்னை, பார்த்தது அவரை.

வெளியே கவுண்டரில் முதல் கேள்வி: இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?

பைக்கில் வரும்போது அருள், "நல்ல டாக்டர்ல?" என்றார். காற்றில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று கொஞ்சம் குறைவு. ஆனாலும் கட்டி கட்டியாக விழுகிறது. பள்ளிக்குப் போனேன். மரத்தடியில் உட்கார்ந்தபடியே பயிற்சி.

சாயந்திரம் வத்தலக்குண்டிலிருந்து மதினி போன். அருளின் அக்கா, பிலோமினா மதினி. எனக்குக் கல்யாணமான நாள் முதல் என் வீட்டை அங்கிருந்தே நடத்துபவர்.

"ஜெசி, ஒண்ணும் பயப்படாத. பன்னெண்டாந்தேதி ஆபரேஷன்னா நான் பத்தாந்தேதியே வந்துருவேன். சோறு, வெஞ்சனம் முதக்கொண்டு நான் பாத்துக்கிறேன்."

"எந்தப் பன்னெண்டாந்தேதி மதினி?"

"அருள் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டு. நர்சிங் ஹோமிலிருந்து நேற்றே கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் சரி என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல நேரம் இல்லை. மண்டலப் போட்டியும் அதே பன்னிரண்டாம் தேதி.

கடையிலிருந்து வந்தவுடன் கேட்டேன்.

"நீ டென்ஷனாகுவன்னுதான்."

"என் வயித்த அறுக்குறதுக்கு என்கிட்ட சொன்னா நான் டென்ஷனாவேனா?"

"கத்தாத, ஷைனி படிக்கிறா."

மகளுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். இரவுச் சாப்பாடு அவரவர் போட்டுக்கொண்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்கு அடர்நீலச் சேலை. கடைசி பெஞ்ச். நின்றுவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னால் தடவிப் பார்க்கிறேன்.

கோயில் வாசலில் விஜயா டீச்சர். எங்கள் பள்ளித் தமிழாசிரியை, இரண்டு வருடம் முன்பு கருப்பை எடுத்தவர். எடுக்காதே என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"எனக்கு எடுத்தது நல்லதுதான் டீச்சர். கட்டி பெரிசு, மாத்திரை, ஊசி எல்லாம் பாத்தாச்சு. அப்புறம் நானே போதும்னு சொல்லி எடுத்தேன். உங்களுக்கு எது வேணும்னு தெரியறதுக்கு முன்னாடி மேசையில படுத்துராதீங்க."

தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் விவரம் சொன்னார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. வீட்டு முன்னறையில் சின்ன கிளினிக்.

அருளிடம் சொல்லவில்லை. அவர் சொன்னாரா என்ன.

ஜூலை 22, செவ்வாய்

அரை நாள் லீவு. தனியாகப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு எழுபது இருக்கும். ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார். நாளுக்கு எத்தனை மாற்றுகிறீர்கள், விழும் கட்டி எம்புட்டுப் பெரிசு, நெல்லிக்காயா எலுமிச்சையா, தூக்கத்தில் எழுந்து மாற்றுகிறீர்களா, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா. இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எலுமிச்சை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் எனக்கு வரும்.

"முட்டைப்பையையும் எடுக்கச் சொன்னாங்களா? ஸ்கேன்ல அது நல்லா இருக்கு. நாப்பத்து மூணுல நல்லா இருக்கிறதை எடுத்தா மறுநாளே மாதவிடாய் நின்ன உடம்பாயிரும். எலும்பு தேயும். உங்க பொழப்பு ஓடுறதுதானே?"

பிறகு வரிசையாகச் சொன்னார். மறக்கும் முன் எழுதுகிறேன். முதலில் உள்சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்ஸி, கெட்டது ஏதும் இல்லை என்று தெரிய வேண்டும். அதற்கு முன் எந்தப் பேச்சும் வேண்டாம். தைராய்டும் பார்க்கணும். இரும்புச் சத்தை ஊசியாக ஏற்றணும், மாத்திரை போதாது. ரத்தப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போடும் மாத்திரை உண்டு, ஓரளவு குறைக்கும். தினசரி ஹார்மோன் மாத்திரை இன்னொரு வழி. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், 'காயில்' என்பார்கள், காப்பர்-டி மாதிரி இருக்கும், வருஷக்கணக்கில் வேலை செய்யும்; முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும், எரிச்சலாக இருக்கும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எடுத்துவிடலாம். ஆபரேஷன் கடைசி. தப்பு இல்லை, ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"போட்டிக்குப் போகணும் டாக்டர்."

சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பயாப்ஸி அங்கேயே எடுத்தார். வலிக்கும் என்று சொல்லிவிட்டு எடுத்தார். வலித்தது. சொல்லிவிட்டுச் செய்தால் வலி பொறுக்கிறது. முதல் இரும்பு ஊசி, பாட்டிலில், மெதுவாக. வரும் வழியில் நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டு ஆபரேஷனை ரத்து செய்தேன்.

"சார்கிட்ட கேட்டீங்களா மேடம்?" என்றது அந்தப் பெண் குரல்.

"சாருக்குக் கருப்பை இல்லம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ரத்து செய்தது அருளுக்குத் தெரிந்து, அருளிடமிருந்து வத்தலக்குண்டுக்குப் போய், வத்தலக்குண்டு காலை பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டது. கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

மதினி சமையல்கட்டில் நின்றபடியே: "நான் எடுத்து எத்தனை வருசமாச்சு, நல்லாத்தான இருக்கேன்? உனக்கு மட்டும் என்ன?"

வேறு வழிகள் இருக்கின்றன என்று சொன்னேன். காயில் பற்றிச் சொன்னேன். மதினி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அது குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான்ல? கோயில்ல ஒத்துக்கிறாத விசயம். பாவம் ஜெசி அது."

"பையையே வெட்டி எறிஞ்சா பாவம் இல்ல, அதுக்குள்ள மருந்து வச்சா பாவமா?"

"அது வியாதிக்கு."

"இதுவும் வியாதிக்குத்தான் மதினி. பாருங்க என் நகத்த. வெள்ளைக் காகிதமா இருக்கு."

அருள் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். எழுந்து போய் அணைத்தேன். "நீங்களும் இங்க வந்து பேசுங்க. உங்க பொண்டாட்டி விசயம்தான் ஓடுது." வந்தார். நின்றார். பழம் ஒன்றை உரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பூசை முடிந்து மதினி பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்திருக்கிறார். தனியாக. என் நோயை, என் ஹீமோகுளோபினை, உள்ளே வைக்கப்போகும் சாதனத்தை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகவே சொன்னார்:

"சாமி சரின்னுட்டாரு. வைத்தியத்துக்குன்னா தப்பில்லையாம். இனி நீ வச்சுக்கலாம்."

அனுமதி கிடைத்துவிட்டது. யார் கேட்டது?

முதலில் டாக்டரும் அருளும் பேசி எடுக்கச் சொன்னார்கள். இப்போது மதினியும் சாமியாரும் பேசி வைக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒருத்தி ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தகவல் மட்டும் வருகிறது.

"அடுத்த வாரம் நான் சாமியார் முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?" என்றேன்.

"அவரு அதெல்லாம் மனசுல வச்சுக்கமாட்டாரு."

நான் வச்சுக்குவேன். மதினியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அருள் கொண்டுபோய் விட்டார். நான் வாசலுக்குப் போகவில்லை. ஷைனிதான் போனாள்.

ஜூலை 31, வியாழன்

பயாப்ஸி ரிப்போர்ட். கெட்டது இல்லை. தைராய்டும் சரி.

அருளும் வந்தார், நான் கூப்பிடாமலே. டாக்டரம்மா அவரையும் உட்காரச் சொன்னார், ஆனால் பேசியது என்னிடம். அருள் ஒரு கேள்வி கேட்டார்: "இவளுக்கு ரொம்ப வலிக்குதா டாக்டர்?" டாக்டரம்மா, "அவங்க பக்கத்துலதான இருக்காங்க, அவங்களையே கேளுங்க" என்றார். அருளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. கெட்ட திருப்தி. இருக்கட்டும்.

காயில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒத்துவரவில்லை என்றால் பிறகு எடுப்பதைப் பற்றிப் பார்க்கலாம். அப்போதும் நானே சொல்வேன்.

இரண்டாவது இரும்பு ஊசி. வீட்டுக்கு வந்து ஈரல் குழம்பு. அருள் வாங்கி வந்தார். மன்னிப்பு என்று எதுவும் இல்லை, ஈரல்தான். சாப்பிட்டேன். மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சிஸ்டரிடம் போனேன். வேலை பார்க்கலாம் என்று டாக்டர் கொடுத்த சீட்டை மேசையில் வைத்தேன்.

"உங்க நல்லதுக்குத்தான டீச்சர் சொன்னேன்."

"என் நல்லது என்னன்னு என்னைக் கேட்டா நானே சொல்லுவேன் சிஸ்டர். பிள்ளைகள நான்தான் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் இன்னொண்ணு, இனிமே வெள்ளை ட்ராக் போடமாட்டேன். எனக்கும் வேண்டாம், டீம் பிள்ளைகளுக்கும் வேண்டாம். மெரூன் தைக்கக் கொடுத்துருக்கேன்."

"யாரக் கேட்டு?"

"பிள்ளைகளக் கேட்டு."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "சரி, போங்க" என்றார். சம்மதமா, வெளியே போ என்பதா தெரியவில்லை. போகச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வைத்தாயிற்று. படிவத்தில் என் கையெழுத்து மட்டும். அருள் வெளி பெஞ்சில்.

வலி. பல்லைக் கடித்து, மேலே சுற்றிய ஃபேனைத் திட்டினேன். முடிந்து அரை மணி படுக்கை. வயிற்றில் யாரோ துணி முறுக்கிப் பிழிவதுபோல.

ஆட்டோவில் அருள், "ரொம்ப வலிச்சுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். எப்படி வலித்தது, எங்கே, எதற்கு, மாதாமாதம் எப்படி வலிக்கும், இத்தனை வருடம் எத்தனை விரிப்பு துவைத்திருக்கிறேன், எல்லாம் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள், கேட்கட்டும். பேகம்பூர் தாண்டும் வரை நிறுத்தவில்லை. அருள் குறுக்கே பேசவில்லை. அதுவே பெரிய விஷயம்.

விரிப்பை இன்று அவர் துவைத்தார். சோப்பு சரியாகப் போகவில்லை. திரும்பத் துவைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

சொட்டுகிறது. டாக்டரம்மா சொன்னதுதான், ஆனாலும் எரிச்சல். தினமும் நாப்கின். இது குணமா, இதுவும் ஒரு ஏமாற்றா என்று காலையில் சந்தேகம், சாயந்திரம் பரவாயில்லை. கட்டியாக விழவில்லை. படி ஏறினால் மூச்சு முன்னைப்போல் வாங்கவில்லை.

மெரூன் ட்ராக் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ், இனி எந்தத் தேதியா இருந்தாலும் ஓடலாம்ல" என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மதினியிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மண்டலப் போட்டி. இந்த வருடம் வத்தலக்குண்டில். காலை பஸ், பிள்ளைகள் எல்லாம் ஒரே பாட்டு.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதி முதல் பாதியில் பின்தங்கி, கடைசியில் பிடித்துவிட்டோம். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. கயிற்றோரம் திரும்பிப் பார்த்தால் பிலோமினா மதினி. அருள்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஃப்ளாஸ்க், ஒரு துணிப்பை. எங்கள் பிள்ளைகளின் பெயர் தெரியாமல், "ஏ மெரூனு, ஓடு" என்று எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு எனக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட மனமில்லாமல் நின்றேன். மதினி பின்னாலேயே வந்திருந்தார்.

"போ. நான் பிடிச்சுக்கிறேன்."

உள்ளே போனேன். கதவின் மேல்பக்கம் அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. செத்த நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, யாரிடமோ பேசுவதுபோல:

"எனக்கு அப்ப முப்பத்தாறு. ஒரு கட்டிய எடுக்கணும்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னொரு பிள்ள வேணும்னு இருந்தேன் நான். மயக்கம் தெளிஞ்ச பெறகுதான் பையையும் எடுத்துட்டோம்னு சொன்னாங்க. உங்கண்ணன்ட்ட, எங்க வீட்டுக்காரர்ட்ட, முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டாங்களாம்."

உள்ளேயிருந்து, "மதினி" என்று மட்டும் சொன்னேன்.

"நீ முடிச்சுட்டு வா. அவசரமில்ல."

வெளியே நடுவர் விசில் ஊதிவிட்டார். பிள்ளைகள், மிஸ், மிஸ் என்று தேடும் சத்தம். மதினி அவர்களிடம், "இருங்கடி, வருவாங்க" என்று அதட்டினார். கதவை விடவில்லை.