கேசரியின் தலைக்கு மேல் கட்டிய கற்றாழை

அன்புள்ள மகள் பிரவீனாவுக்கு,

மத்திகிரியிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா, நான், நாய் கேசரி மூன்று பேரும் சுகம். கேசரியையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், நன்றாகப் படித்துக்கொள். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் படமெடுத்து அனுப்புவார்.

போன வாரம் உன்னைத் திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கேசரி மூன்று இடத்தில் வாந்தி எடுத்து, வயிறும் போய், கூப்பிட்டால் தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. மாடி வீட்டு ஹரீஷ்குமார் இறங்கி வந்து, போனைப் பார்த்து, சதைப்பிடிப்பான இலை உள்ள செடி எல்லாமே நாய்க்கு விஷம் என்று அடித்துச் சொன்னான். கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவனுக்கு நாய் வைத்தியம் என்ன தெரியும்? நானும் நம்பினேன் பார். நீ ஜன்னலில் வைத்துவிட்டுப் போன, ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைத்த குட்டிச் செடியைத் தொட்டியோடு வாசலில் எறிந்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். அதற்கு நீ, உங்களால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் பெங்களூரிலிருந்து என் சிநேகிதி ஜைபா வந்து கேசரியை அழைத்துப் போவாள் என்றாய். நீ விட்டுவிட்டுப் போன நாய்தான், ஆனால் இரண்டு வருஷமாக அதற்குச் சோறு பிசைந்து போட்டவள் நான். ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிடுவாயா?

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். உன் செடியையும் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா இலையைத் திருப்பிப் பார்த்து, இதில் பல் பட்ட தடமே இல்லை, இந்த ஜாதிச் செடி நாயை ஒன்றும் செய்யாது, வீட்டில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? கேசரியின் படுக்கைக்கு மேலே கற்றாழை தொங்குகிறது என்று சொல்லிவிட்டார். பால் ஊற்றுகிற ரங்கம்மா கேசரியைப் பார்த்து, கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது என்று கண் வைத்தாள். அதனால்தான் அமாவாசையன்று ஒரு கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டச் சொன்னேன். கயிறு தளர்ந்து அது கேசரியின் வாய்க்கு எட்டியிருக்கிறது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாய்க்குத் திருஷ்டி படக்கூடாதுன்னு நாய்க்கு ஆகாததையே தலைமேல கட்டி வெச்சிருக்கீங்களேம்மா” என்றார். தோலுக்கடியில் வடிகிற மஞ்சள் பால்தான் ஆகாதாம். நாம் மோரில் அடித்துக் குடிக்கிற கற்றாழை நாய்க்கு ஆகாதென்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆட்டோவில் திரும்பும்போது உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

தப்பு என்னுடையதுதான். உன் செடிக்கு நாலு இலை ஒடிந்தது, வேறு தொட்டியில் வைத்திருக்கிறேன், பிழைத்துக்கொண்டது. கேசரியும் ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏறி, இன்று களியும் தயிரும் தின்றுவிட்டுப் பூனையைத் துரத்துகிறது. கற்றாழையை அப்பாவை ஏணியில் ஏற்றி வாசல் நிலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டேன். கட்டாமல் மட்டும் விட மாட்டேன்.

ஜைபா சனிக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். தங்கமான பெண், வந்தால் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புவேன். நாயை அனுப்ப மாட்டேன். நீயும் போய்விட்டாய். உன் அப்பாவோ நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையும் கொண்டுபோய்விட்டால் காலையில் எழுந்து நான் யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது?

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். காதை மூடாமல் பனியில் போகாதே. ஜைபாவிடம் இன்றைக்கே பேசிவிடு.

உன் அம்மா,
வெங்கடம்மாள்