பைபிள் உறைக்குள் ஒரு சேட்டைக்காரன்

குவைத்தில் இருக்கும் என் வீட்டம்மாவுக்கு,

நேற்று வண்டியூர் ஜெபக்கூட்டத்தில் என் மானம் போனது. வசனம் வாசிக்க பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே நம் மகன் ஒளித்து வைத்திருந்த கதைப் புத்தகம்! எட்டாம் வகுப்போடு நின்ற என் மூளை யோசிக்குமா? பயபக்தியோடு வாசித்துவிட்டேன்: "பையன் வாத்தியார் நாற்காலியில் தவளையை வைத்தான்."

சபை மூப்பர் ஆசீர்வாதம் புத்தகத்தைப் பிடுங்கினார். "இம்புட்டுச் சேட்டைக்காரப் பய கதையப் படிச்சா பிள்ள உருப்படுமா? கிழிச்சுப் போடுங்க."

தன் சட்டை கசங்கினாலே கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். மூஞ்சியோ நமத்துப்போன அப்பளம். இவர் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தருகிறார்! மகன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழப்போனான்.

"அண்ணே, நீங்க பொறக்கும்போதே மூப்பராத்தான் பொறந்தீகளா? குடுங்க" என்று வாங்கிவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

நீ விமானம் ஏறிய பிறகு நம் பையன் சிரிப்பது அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது மட்டும்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்