சாகாத தேளுக்கு மரணக் கூடம்

மார்ச் 4
அருங்காட்சியகத்தின் புதிய கூடம் திறக்க மூன்று வாரம்தான். நடுநாயகமாக எங்கள் தேள், கல்லில் பதிந்த புதைபடிவம். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, அந்தப் பேரினத்துக்கு உலகத்திலேயே இந்த ஒரு கல்தான் சாட்சி. கண்டுபிடித்த இயக்குநர் அதற்குத் தன் மாமனார் பெயரை வைத்தார். மாமியாருக்குப் பரம திருப்தியாம்.

மார்ச் 6
உடல் வளைந்து கிடப்பதால் அது துடிதுடித்துச் செத்தது என்று இயக்குநர் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். இப்போது கட்டில் அளவுக்கு ஒரு சிலை வேறு, முகத்தில் வேதனையோடு. தேளுக்கு முகம்! விளக்கப் பலகை எழுதும் வேலை என் தலையில்.

மார்ச் 9
பலகைக்காகக் கல்லை, விளக்கு எரியாத எங்கள் நுண்ணோக்கியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தலையின் முன்விளிம்பு பிளந்திருக்கிறது. தோல் உரிக்கும் தேள் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அப்படியானால் இது பிணமே இல்லை — உரித்துப் போட்ட தோல்! வெறும் சட்டைக்கா இத்தனை காலம் ஒப்பாரி வைத்தோம்? விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் இதை இயக்குநரிடம் சொல்ல வேண்டுமே என்று உறைத்தது.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முப்பது கோடி வருஷமா செத்துக் கிடக்கு. இப்ப வந்து சாகலங்கறீங்களே!"
பிறகு குரல் குழைந்தது. "நான் சொல்றபடி எழுதி உங்க பேரப் போடுங்க. உங்க வேலைய நிரந்தரமாக்கிடலாம்."
ஆறு வருடமாகத் தற்காலிகம் நான். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

மார்ச் 11
கணவர் கேட்டார்: "செத்த தேளுக்காக வேலைய விடுவியா?"
"அது சாகவே இல்லைங்க. அதான் பிரச்சினையே."
சிரித்தார். பாதிச் சோற்றில் நிமிர்ந்து, "அப்ப நீ மட்டும் எதுக்கு அங்க கெடந்து சாகற?" என்றார்.

மார்ச் 15
எழுதினேன். அடித்தேன். எழுதினேன்.

மார்ச் 24
நான் எழுதியது உண்மையை. சுவரில் மாட்டியிருப்பது அவருடைய ஒப்பாரியை, அதுவும் கீழே என் பேரோட! யாரக் கேட்டுப் போட்டாரு? ராஜினாமாவை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இயக்குநர் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2
புது இடம். இங்கேயும் தற்காலிகம்தான், ஆனால் நுண்ணோக்கியில் விளக்கு எரிகிறது. தேளைப் பற்றிய கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

பழைய அருங்காட்சியகத்து வரவேற்பறைத் தோழி போன் செய்தாள். "உன் வெள்ளைக் கோட்டு நாற்காலியிலயே தொங்குது, அதப் பாத்துட்டு நீ உள்ளதான் எங்கியோ இருக்கேன்னு இயக்குநர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடப் பழக்கம்.