இரண்டாவது கையெழுத்து

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தான்,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

முதலில் மாமாவைப் பற்றி ஒரு புகார். நீங்கள் பூட்டிவிட்டுப் போன கடையை உங்கள் அப்பா தினமும் திறந்து வைத்துக்கொண்டு, பழுதுக்கு வந்த கடிகாரங்களுக்கெல்லாம் சாவி கொடுக்கிறார். "கடிகாரம்னா ஓடணும்மா, சும்மா தொங்கினா அதுக்கே வெக்கமா இருக்கும்" என்கிறார். ஆனால் நேரம் வைப்பதில்லை. பதினேழு கடிகாரங்களும் பதினேழு நேரம் காட்டுகின்றன. மதியம் சாப்பாடு போடும்போது உள்ளே ஏதோ ஒன்று விடியற்காலை ஐந்து மணி அடிக்கிறது. சில சமயம் நானே எந்த வேளையில் இருக்கிறேன் என்று தெரியாமல் கரண்டியோடு நிற்கிறேன்.

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீளமான ஒரு கூடம், உயரத்தில் ஜன்னல்கள், அறுபது பெண்கள். ஆளுக்கு ஒரு மேசை, கைப்பிடி வைத்த ஒரு கணக்கு இயந்திரம். எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. காற்றில் போகும் ஒரு பொருள் எவ்வளவு உயரும், எங்கே இறங்கும் என்று கணக்கிடுகிறோம். என்ன பொருள் என்று கேட்கக் கூடாதாம். நானும் கேட்கவில்லை. இறகு என்று நினைத்துக்கொள்கிறேன், மனசுக்கு இதமாக இருக்கிறது.

ஒரே கணக்கை இருவர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. விடைகள் ஒத்துப்போனால் தாளின் அடியில் இரண்டு கையெழுத்து: போட்டவர், சரிபார்த்தவர். எனக்கு ஜோடி எதிர்மேசை அக்கா. நல்ல மாதிரி, கொஞ்சம் வாயாடி. என்னைப் போலவே என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்,
கணக்குப்புலி


மார்ச் 2

என் கணக்குப்புலிக்கு,

போர்முனைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி, நம் வீட்டுக் கடிகாரங்கள் இப்போது எத்தனை மணி காட்டுகின்றன என்று என்னை விசாரிக்கிறார். நம் குடும்ப மானம் கப்பலேறிவிட்டது.

இங்கே காலையில் மூடுபனி இறங்கினால் பத்து மணிவரை எதுவும் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவன் குரல் மட்டும் வருகிறது, ஆள் இல்லை. தூங்கிக்கொண்டே வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

ஒரு விஷயம். எழுதலாமா கூடாதா தெரியவில்லை, அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் கறுப்பு மை பூசட்டும். நான் நிற்கும் இடத்தில், கண்ணுக்கு நேரே, ஒரு பட்டியலை மாட்டியிருக்கிறார்கள். அச்சடிக்க நேரமில்லாமல், கையால் எழுதியதையே படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் குழாயை இவ்வளவு உயர்த்து என்று வரிசை வரிசையாக எண்கள். அதில் ஏழு எல்லாம் தலையில் தொப்பி போட்டு, இடுப்பில் கச்சை கட்டி நிற்கிறது.

உலகத்தில் அப்படி ஏழு எழுதுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பனியில் யாருமே தெரியாத நேரத்திலும் நீ தெரிகிறாய். நான் தனியாக இல்லை.

உன் அத்தான்


மார்ச் 20

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறகு இல்லை என்று எனக்கும் தெரியும்தானே. தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. என் எண்கள் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கின்றன என்றால், அவை சரியாக இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் என் மனசு கணக்குப் போடுகிறது. கனவில்கூட எண்கள் ஒவ்வொன்றாக மேலே போய், உச்சியில் கொஞ்சம் நின்று, மெதுவாக இறங்குகின்றன. எங்கே இறங்குகின்றன என்று பார்ப்பதற்குள் விழித்துவிடுகிறேன்.

போன வாரம் எதிர்மேசை அக்காவின் தம்பியைக் காணவில்லை என்று தந்தி வந்தது. அழுகிறவர்களை மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அப்புறம் திரும்பக் கூப்பிடுவதில்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு எண்ணே தெரியலடி, எல்லாம் கலங்கிக் கலங்கி நிக்குது" என்றாள். அவள் தாளையும் வாங்கி இரண்டு நாள் நானே போட்டேன். அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். யாருக்கும் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை வேறு யாரிடம் சொல்லிக்கொள்வது, உங்களிடம்தான்.

உங்கள்,
கணக்குப்புலி


ஏப்ரல் 16

அன்புள்ள உனக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. இனிமேல் யாருக்காகவும் இரண்டாவது தாளை நீ போடாதே. அந்த அக்கா அழட்டும், வேலை போனால் போகட்டும். கோபமாக எழுதவில்லை.

இங்கே ஒரு நாள் காற்று சரியில்லை. மற்றபடி ஒன்றுமில்லை. வேலையைப் பற்றி எழுத வேண்டாம். அப்பாவைப் பற்றி எழுது.

அத்தான்


ஏப்ரல் 30

அத்தான்,

என்னைக் கணக்குப்புலி என்று நீங்கள் கூப்பிடாத முதல் கடிதம் இது. அதை மடித்து வைத்துவிட்டு கூடத்து அலமாரியிலிருந்து அந்த வாரத்துத் தாளின் நகலை எடுத்தேன். முதலிலிருந்து போட்டேன். இருபத்து மூன்று வரிசை சரி. இருபத்து நான்காவது தவறு.

எப்படி என்றும் தெரிந்துவிட்டது. அக்காவின் தாளைப் போடும்போது என் தாள் பக்கத்திலேயே கிடந்தது. கை வலித்தது. அந்த வரிசையை நான் போடவில்லை, பார்த்து எழுதியிருக்கிறேன். என் தவறை நானே பார்த்து, நானே சரி என்று இரண்டு பேராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். தாளை வாங்கிக் கிழித்தார், புதியதை அனுப்பச் சொன்னார். "வெளியே பேசாதீங்க" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

காற்று என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதையும் நாங்கள்தான் போடுகிறோம். அந்த வரிசைப்படி சுட்டால் முந்நூறு மீட்டர் முன்னாலேயே விழும். நம் ஆட்கள் இருக்கும் பக்கத்தில். அந்த முந்நூறு மீட்டரில் என்ன இருந்தது அத்தான்? அதை மட்டும் எழுதுங்கள். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.


ஜூலை 8

அத்தான்,

நான் எழுதிய நான்கு கடிதங்களுக்கு மூன்று அஞ்சலட்டைகள் வந்தன. "நலமாக இருக்கிறேன்" என்று அச்சடித்த வரியின் கீழ் ஒரு கோடு. கோடு உங்களுடையதுதானா என்று மாமாவும் நானும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். கோட்டில் என்ன கையெழுத்து தெரியும்?

மாமா கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார். கடையில் சத்தமே இல்லை. எனக்கு அந்தக் கன்னாபின்னா மணிகள் வேண்டும் போலிருக்கிறது.


அக்டோபர் 3

அன்புள்ள அத்தான்,

போர் முடிந்து ஆறு வாரம். தெருவில் எல்லோரும் வந்துவிட்டார்கள், எதிர்மேசை அக்காவின் தம்பியையும் உங்களையும் தவிர. படை அலுவலகத்தில் கேட்டால், நீங்கள் பட்டியலில் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த முகவரியும் அங்கேதான் கிடைத்தது.

எங்கள் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு புதிய இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. கைப்பிடி கிடையாது. நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள், உள்ளே போனால் கதகதவென்று இருக்கிறது. நேற்று அதை எல்லோருக்கும் காட்டினார்கள். நாங்கள் அறுபது பேர் மூன்று வாரம் போட்ட பட்டியலை, நான் தலைவாரிப் பின்னுகிற நேரத்தில் அது போட்டு முடித்தது. எந்தப் பட்டியல் என்று கேளுங்கள். அதேதான். பெரிய பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பழைய பட்டியல்ல ஒரு வரிசை தப்பா இருந்துச்சு. இது அந்தத் தப்பைச் செய்யல பாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எதிர்மேசை அக்காவும் தட்டினாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இயந்திரத்தோடு வேலை செய்ய ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானும் ஒருத்தி. இனி மழையையும் புயலையும் முன்கூட்டியே சொல்லுமாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆசைப்படவும் பயமாக இருக்கிறது. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் நீங்கள் வரவில்லையென்றால் அதையாவது எழுதிவிடுங்கள். மாமாவைக் கடைசிவரை நான் பார்த்துக்கொள்வேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்கள் நான்


அக்டோபர் 24

என் கணக்குப்புலிக்கு,

நீ கேட்ட முந்நூறு மீட்டரில்தான் ஐந்து வாரமாக இருக்கிறேன். இது ஒரு தெரு. பதினோரு வீடுகள். ஒரு தையற்காரர் வீட்டின் பின்சுவரும் துணி காயப்போடும் முற்றமும் போய்விட்டன. இறந்தவர்கள் மூன்று பேர்: தையற்காரரின் மனைவி, தையற்காரரின் சொந்த அக்கா, துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண். சுவரைக் கட்டிக்கொடுக்கிறேன். கொத்து வேலை நமக்கு வரவில்லை, மூன்று முறை இடித்துக் கட்டினேன்.

நான் யார் என்று தையற்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் முற்றத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சுவத்த முடிச்சிட்டுப் போ. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராத" என்றார். சாந்து குழைக்கத் தண்ணீர் மட்டும் அவரே கொண்டுவந்து வைக்கிறார்.

உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அல்ல. உன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் வரவில்லை.

காற்று என்று எழுதியது பொய். அதைவிடப் பெரிய பொய், நான் எழுதாமல் விட்டது. இருபது வருடம் பல்சக்கரம் பார்த்த கண் எனக்கு. ஒரு பல் தேய்ந்திருந்தால் தொடாமலே தெரியும். அன்று காலை புதிய பட்டியலை மாட்டினார்கள். எண்கள் ஒரே சீராக ஏறிக்கொண்டே வந்தன, இருபத்து நான்காவதில் ஒரு பல் குறைந்தது. பார்த்தேன். கையைத் தூக்கிச் சந்தேகம் என்று சொல்ல அரை நிமிடம் இருந்தது. அதே வரியில் தொப்பி போட்ட உன் ஏழும் இருந்தது. அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று பீரங்கியின் கயிற்றை இழுத்தேன். அக்காவின் தாளையும் நீயே போட்டதாக எழுதிய கடிதம் மறுநாள்தான் வந்தது.

ஆறு மாதமாக நீ ஒருத்தியே அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய். உன்னைச் சுமக்க விட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். அட்டையில் கோடு போட்டேன்.

மழையைச் சொல்லும் வேலைக்கு நீ போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உன் மனசு என்ன சொல்கிறதோ, நேரில் பேசுவோம். வியாழக்கிழமை சுவர் முடிகிறது. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அப்பாவைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கச் சொல்.

எங்கள் பட்டியலைக் கழற்றியபோது அந்தத் தாளை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். இதோடு அனுப்புகிறேன். அடியில் இரண்டாவது இடத்தில் அக்காவின் பெயரில் நீ போட்டதை அடித்துவிட்டு, என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சரிபார்த்தவன்