பந்தியில் கடைசி

சாய்ந்தமருது
2009 மார்ச் 6, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில் தமாம் வெயிலில் லொறி ஓட்டும் உங்கள் உடம்புக்கு அல்லாஹ் சுகத்தைத் தர வேண்டும் என்று துஆச் செய்துகொண்டு எழுதுகிறேன். நானும் மகள் அஸ்மியாவும் சுகம். பேரீச்சம்பழத்தைக் கண்டால் உங்கள் கை நிற்காது என்று லீவில் வந்த றிம்சான் சொன்னான். சீனி வருத்தக்காரர் என்ற நினைப்பு கொஞ்சமாவது இருக்கட்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எடுக்கும்போதெல்லாம் உங்கள் தங்கச்சி வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். நீங்களும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிற மாதிரிச் சத்தம் போடுகிறீர்கள். விஷயம் என் காக்காவைப் பற்றியது. கூடப்பிறந்த அண்ணனின் கதையை தெருவும் ஒழுங்கையும் முழுக்கக் கேட்க வைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் றிம்சான் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சுனாமியில் கடல் கொண்டுபோன நம் வீட்டுக்குக் கிடைத்த நட்டஈடும், அதன்பிறகு நீங்கள் அனுப்பியதும், காக்கா பொறுப்பாக இருக்கும் கல்முனை நிதிக் கம்பனிக் கிளையில்தான் இருக்கின்றன. வட்டி ஹறாம் என்பதால் லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு என்ற பத்திரமாக வாங்கினோம். மேற்கே வயற்பக்கம் வாங்கிய வளவில் மண் நிரப்பி முடிந்ததும் அந்தக் காசை எடுத்து அஸ்மியாவுக்கு வீடு கட்டுவது என்பதுதான் நம் கணக்கு. மருதமுனை மாப்பிள்ளை வீட்டாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு எழும்பாமல் நம் ஊரில் யார் வந்து நிக்காஹ் செய்வார்கள்?

இப்போது மத்திய வங்கி ஆட்கள் வந்து கம்பனியைச் சோதித்திருக்கிறார்கள். காக்கா சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். கந்தூரிச் சாப்பாடு நடக்கும் வீட்டில் வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் வீட்டுக்காரர் சஹன் தட்டில் கை வைப்பார்கள். சோறு குறைந்தால் பட்டினி வீட்டுக்காரருக்குத்தான். கம்பனியில் சேமிப்புப் போட்டவர்கள் விருந்தாளிகள். பத்திரம் வாங்கிய நாம் வீட்டுக்காரர். கம்பனி முறிந்தால் எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால்தான் நமக்கு. அப்படிக் கடைசியில் நிற்கச் சம்மதித்த காசு என்பதால், மத்திய வங்கி அதைக் கம்பனியின் சொந்த மூலதனமாகக் கணக்கில் எடுத்ததாம். பந்திக்கு முந்து என்று சொல்லித்தான் பிள்ளை வளர்க்கிறோம், காசை மட்டும் கடைசியில் இருத்தியிருக்கிறோம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்திரம் விற்ற காலத்தில், நட்டத்திலும் பங்கு என்றதும் நம் ஒழுங்கைப் பெண்கள் பின்வாங்கினார்கள். கடல் எடுத்தது போதும் என்றார்கள். அப்போது காக்கா என்ன செய்தார் தெரியும்தானே. கலியாணப் பேச்சில் வீடு தருவோம் என்று பெண் வீட்டார் எழுதிக் கொடுப்பதுபோல, கேட்ட நாளில் முழுக் காசும் தரப்படும் என்று கம்பனிக் கடதாசியில் எழுதி, முத்திரை குத்தி ஆளுக்கொன்று கொடுத்தார். வாயால் சொன்னதைக் கையால் எழுதித் தராவிட்டால் நம் ஊரில் யார் நம்புவார்கள்? கொழும்பு மேலிடத்துக்கு இது தெரியாது.

சோதிக்க வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்ட நாளில் திருப்பி எடுக்கலாம் என்றால் அது எப்படி மூலதனம் ஆகும் என்று கேட்டார்களாம். நியாயம்தானே. முதல் சஹன் உனக்கு என்று எழுதி வாங்கியவன் வீட்டுக்காரன் இல்லை. நம் கிளையில் விற்ற பத்திரங்களுக்கெல்லாம் மூலதனம் என்ற தகுதி போய்விட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், என் காக்கா தன் கையெழுத்தால் கெட்டார்.

மேலிடம் இரண்டு வழி சொல்லியிருக்கிறது. உறுதிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை வைத்திருக்கலாம். அது மறுபடி மூலதனம் ஆகும், நாம் மறுபடி பந்தியில் கடைசி. அல்லது ஏப்ரல் முடியுமுன் காசை எடுக்கலாம். தகுதி போனால் தவணைக்கு முன்னமே காசைக் கொடுத்துத் தீர்க்கலாம் என்று பத்திரத்திலேயே இருக்கிறதாம்.

எடுத்துவிடு என்று உடனே சொல்வீர்கள். எல்லாரும் எடுத்தால் கம்பனிக்கு மூலதனம் காணாது, கிளையை மூடுவார்கள், காக்காவின் வேலை போகும், வழக்கும் வரலாம். அதனால் நான் முதல் ஆளாகக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். தங்கச்சியே கொடுத்தாள் என்றால் ஊர் கொடுக்குமாம். காரைதீவுச் சிவக்கொழுந்து அக்கா, அகதி முகாமில் நம்மோடு ஒரே வகுப்பறையில் படுத்தவ, அவவும் நான் என்ன செய்கிறேன் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறா. கொழும்பில் ஒரு பெரிய கம்பனி விழுந்த கதையைக் கேட்டதிலிருந்து எடுத்துவிடத்தான் எனக்கும் நினைப்பு. ஆனால் என் வீட்டுக்குக் கல்லும் ஓடும் சேரும் வரைக்கும் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர் அவர். அவர் முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது?

என்ன செய்ய என்று உடனே எழுதுங்கள். வீட்டுக்குத் தலைவர் நீங்கள்தானே, சும்மா இருக்காதீர்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஜுனைதா


சாய்ந்தமருது
2009 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் சுகத்துக்கு அல்ஹம்துலில்லாஹ். உங்கள் சுகம் எப்படி என்று தெரியாது, அதை எழுத உங்கள் கடிதத்தில் இடமில்லை. நான் பக்கம் பக்கமாக எழுத, உன் காக்கா, உன் மகள், நீயே யோசித்துச் செய் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நல்லாயிருந்தால் நீங்கள் சம்மதித்தது, பிழைத்தால் நான் செய்தது. எனக்குக் கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

தவணை முடியப் போகிறது என்று போன திங்கட்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் காக்கா வந்தார். கல்முனை றோட்டில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்களாம், வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கம்பனி நல்லா நிற்கிறது, லாபப் பங்கைக் கூட்டித் தருவார்கள் என்று கதைத்துக்கொண்டே போனார். என்னைப் பார்த்துக் கதைக்கவில்லை. உறுதிக் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் ஒன்றுதான் கேட்டேன்.

“காக்கா, இது உங்கட மகள்ற வீட்டுக் காசெண்டா நீங்க என்ன செய்வீங்க?”

அவர் குடிக்காமல் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு எழும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார்.

“எடு புள்ள. நாளைக்கே வந்து எடு. ஆருக்கிட்டயும் கதைக்காத.”

மறுநாள் போனேன். அவரே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கையெழுத்துப் போட்டார். என்னை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார், தங்கச்சி என்று சொல்லாமல் ஜுனைதா உம்மா என்று வேறு ஆளைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். காசு முழுதும் வந்துவிட்டது. இப்போது கல்முனை வங்கியில் உங்கள் பெயரில் நடைமுறைக் கணக்கில் கிடக்கிறது, அதில் வட்டி இல்லை. மேசனிடம் சொல்லியாயிற்று, சீமெந்து விலை ஏறுமுன் வாங்க வேண்டும்.

நான் வெளியே வரும்போது படியில் நம் ஒழுங்கைப் பெண்கள் நின்றார்கள். என் கைப்பையைப் பார்த்தார்கள். நான் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். மகளுக்கு வீடு வரும் என்று சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வருகிறது.

துஆச் செய்யுங்கள்.
ஜுனைதா


சாய்ந்தமருது
2009 மே 29, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குச் சீனி இறங்கியது என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம். சண்டை முடிந்தது என்று இங்கே பட்டாசு போட்டார்கள், கொடி கட்டினார்கள். பஸ்ஸில் மட்டும் இன்னமும் இறக்கித்தான் ஏற்றுகிறார்கள். அஸ்மியாவின் வீடு அத்திவாரத்துக்கு மேலே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா மைமூனா வந்து பார்த்துவிட்டு, சமையலறையின் வாசல் சின்னதென்று குறை சொல்லிப் போனா. குறை சொல்கிறா என்றால் கலியாணம் உறுதி என்று அர்த்தம்.

கம்பனி மூடிவிட்டது. என்னைக் கண்டு வந்தவர்களில் ஒரு சிலருக்குக் கொடுத்தார்கள். பிறகு நாட்டில் மற்ற இடங்களிலும் ஆட்கள் ஓடி வந்து கேட்டிருக்கிறார்கள். பத்திரத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்து கதவில் ஒட்டினார்கள். உறுதிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியவர்களுக்கு, கிளையில் இருப்பவர் அப்படி எழுதித்தர அதிகாரமில்லை, அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மூலதனமும் இல்லையாம், சேமிப்பும் இல்லையாம். அந்தக் கடதாசிகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஒழுங்கைப் பெண்கள் எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை சிவக்கொழுந்து அக்கா வந்தா. வன்னியில் இருந்த அவவின் தங்கச்சி பிள்ளைகளோடு வவுனியா முகாமில் இருப்பதாகப் பெயர் வந்திருக்கிறது. போய்ப் பார்க்க, ஏதும் வாங்கிக் கொடுக்க, முடிந்தால் கூட்டிவர அந்தக் காசைத்தான் நம்பியிருந்தா. கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டா.

“உங்கட காக்கா சொல்லித்தான் நீங்க எடுத்தனீங்களா?”

நான் ஓம் என்றேன். அகதி முகாமில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தன் சேலையைக் கழற்றிப் போர்த்தியவவிடம் எப்படிப் பொய் சொல்வது?

“அதே கிழமை நானும் கேட்டனான் புள்ள. வெச்சிருங்க அக்கா, ஒண்டும் நடக்காது எண்டுதான் என்னட்டச் சொன்னவர்.”

அழவில்லை, ஏசவில்லை. அஸ்மியாவின் கலியாணம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனா. ஏசியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தங்கச்சிக்கு ஒரு சொல், ஊருக்கு ஒரு சொல் என்று இப்போது எல்லாரும் கதைக்கிறார்கள். ஜும்ஆவில் காக்காவுக்குப் பக்கத்தில் தொழுதவர் சலாம் கொடுத்து முடித்ததும் கை கொடுக்காமல் எழும்பிப் போனாராம். காக்காவின் பெண்சாதி, மைனி, தன் காப்பை விற்று இரண்டு விதவைகளுக்குக் கொடுத்தாவாம். காக்கா என் வீட்டுக்கு வருவதில்லை. கட்டுகிற வீட்டைப் பார்க்கவும் வரவில்லை. நான் சோறு அனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது, சோறு தின்றாரா என்று தெரியாது.

நூறு பேரிடம் அவர் உத்தியோகத்தராகக் கதைத்தார். என்னிடம் மட்டும்தான் காக்காவாகக் கதைத்தார். அதற்குத்தான் இந்தத் தண்டனை. நான் கேட்காமல் இருந்திருந்தால் அவர் வேலையும் என் காசும் ஒன்றாகப் போயிருக்கும், ஊர் அவரை இரக்கத்தோடாவது பார்த்திருக்கும்.

மச்சான், இதுவரைக்கும் நான் உங்களிடம் பொன் கேட்டதில்லை, பட்டுக் கேட்டதில்லை. உங்கள் முதலாளி கபீலின் காலைப் பிடித்தாவது காக்காவுக்கு ஒரு விசா எடுத்துத் தாருங்கள். வயது போய்விட்டது, பாரம் தூக்க மாட்டார், ஆனால் கணக்கு எழுதுவார், கடையில் நிற்பார், தேத்தண்ணி ஊற்றச் சொன்னாலும் ஊற்றுவார். ஓடி ஒளிய இல்லை, உழைத்துக் கொடுக்கத்தான். முதலில் சிவக்கொழுந்து அக்காவுக்கு என்று நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், அது அவருக்கே தெரியும். நான் கேட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். நீங்களாகக் கூப்பிட்டதாக இருக்கட்டும்.

வாசல் நிலை வைக்கும் நாளுக்கு மேசன் தேதி கேட்டு நிற்கிறார். தாய்மாமன் கை வைக்காமல் நம் வீட்டில் நிலை நிமிர்ந்ததில்லை. நான் இன்னும் தேதி சொல்லவில்லை. விசா வந்தால் பயணம் சொல்லிக்கொள்ளவாவது வருவார், அன்றைக்கு நிலை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அல்லாஹ் உங்கள் மனதை இளக்கி, உங்கள் கையால் அவரை என் வாசலுக்குக் கொண்டுவரட்டும்.

உங்கள்,
ஜுனைதா